திருப்புளி எடுப்பதற்கு முன்னால்

ஐப்பசி மழையில் ஒருநாள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் என் போன் தண்ணீரில் விழுந்தது. குடையை மடக்கிக்கொண்டு பஸ் படியில் கால் வைக்கும்போது சட்டைப்பையிலிருந்து நழுவி, தேங்கிக் கிடந்த கலங்கலில் குப்புறக் கிடந்தது. எடுத்துத் துடைத்தேன். உயிர் இருக்கிறதா என்று ஆன் செய்து பார்த்தேன், இருந்தது. வீட்டுக்கு வந்ததும் சார்ஜில் போட்டேன். ராத்திரி அது தானாக அணைந்த பிறகுதான் பயம் வந்து அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.

மறுநாள் மணிமேடைப் பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். கடைத்தம்பி சார்ஜர் குத்தும் துளையை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "அரிசியில போட்டியளா அண்ணாச்சி?" என்றான். ஆமா என்றேன். "தவிடு உள்ள கெடக்கு. அது போட்டும். நனைஞ்ச பொறவு ஆன் பண்ணுனியளா?" பண்ணினேன். "சார்ஜும் போட்டியளோ?" போட்டேன். "அப்பம் தண்ணி பாதிதான் கெடுத்திருக்கு. மீதிய நீங்க செஞ்சிட்டிய."

உடைந்த போனை நாமே பழுது பார்க்கலாமா, கடைக்குக் கொடுக்கலாமா என்று கேட்கும்போது, திருப்புளியைக் கையில் எடுத்த பிறகுதான் பழுதுபார்ப்பு தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம். போன் விழுந்த அந்த நிமிடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. ஆன் செய்ததும் சார்ஜில் போட்டதும் நானே செய்த பழுதுபார்ப்புதான், தவறாகச் செய்தது. ஆகவே 'நானே பார்க்கலாமா?' என்று கேட்பதைவிட 'எந்த இடம் வரை நானே பார்க்கலாம்?' என்று கேட்பதே சரி. அந்த எல்லையை எங்கே போடுவது என்பதைத்தான் இக்கட்டுரை தேடுகிறது.

இந்தக் கேள்வி ஒரு காலத்தில் இருந்ததே இல்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்தியத் தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியதில் இந்தியாவின் செல்போன் கதை தொடங்குகிறது. 2003-இல் நோக்கியா 1100 வந்தது. உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற அந்தப் போனின் பின்மூடியை நகத்தால் நெம்பினால் போதும். பேட்டரி கையோடு வரும். கீபேடு தேய்ந்தால் புதியது வாங்கி நாமே மாட்டலாம். கண்ணாடி போட்ட தாத்தாக்கள்கூட மாட்டினார்கள்.

அந்தக் காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பேட்டரிகளைக் கொண்டே அளந்துவிடலாம். 2007 ஆகஸ்டில் நோக்கியா ஓர் அறிவிப்பு வெளியிட்டது: தன் பி.எல்.-5சி பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் சூடாகக்கூடும், எண்ணைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்தபடியே மூடியைக் கழற்றி, பேட்டரியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். போன் போனாகவே இருந்தது. 2016-இல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போனின் பேட்டரி தீப்பிடித்தபோது பேட்டரியை மட்டும் தனியே எடுக்க வழியில்லை. முழுப் போனையும் திரும்ப வாங்கி, அந்த மாடலையே நிறுத்த வேண்டியதாயிற்று. பேட்டரிக் கோளாறு இரண்டிலும் உண்டு; நடுவில் வந்து சேர்ந்தது, மூடியையும் பேட்டரியையும் ஒட்டிவைக்கும் பசை.

பசையை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. அது இருப்பதால்தான் போன் மெலிந்தது, ஓரளவு தண்ணீரையும் தாங்கியது. தென்மேற்குப் பருவமழையிலும் நனைந்து வடகிழக்கிலும் நனையும் நம் குமரி மாவட்டத்துக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் ஐபி68 என்று பெட்டியில் நீர்காப்புத் தரம் போட்டிருப்பது புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்த கணக்கு. ஒருமுறை திறந்து ஒட்டிய போனுக்கு அந்தக் கணக்கு செல்லாது. கடலுக்கு எப்போதுமே செல்லாது.

சரி, எல்லைக்கு இந்தப் பக்கம் என்னென்ன இருக்கின்றன? நினைப்பதைவிட நிறைய. சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் வேறு கேபிள், வேறு சார்ஜர். அப்புறம் போனை அணைத்துவிட்டு டார்ச் அடித்துத் துளைக்குள் பார்க்க வேண்டும். வேட்டி மடிப்பிலும் பேன்ட் பையிலும் கிடந்த பஞ்சு அங்கே கெட்டியாக அமுங்கியிருக்கும். மரப் பல்குச்சியால் மெல்ல எடுத்தால் கேபிள் மறுபடி 'டக்' என்று உட்காரும். ஊசி, குண்டூசி ஆகாது. திரை இருண்டு கிடந்தால் இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். மணி அடித்தால் போர்டு உயிரோடு இருக்கிறது, போனது டிஸ்ப்ளே. டச் தானாக ஓடுகிறதா? மேலே ஒட்டிய கண்ணாடியை உரித்துப் பாருங்கள். சிக்னல் இல்லையென்றால் சிம்மை வேறு போனில் போட்டுப் பாருங்கள். போன் மேஜைமேல் தட்டையாக உட்காராமல் ஆடுகிறதா, பின்மூடி ஓரத்தில் மயிரிழை விலகியிருக்கிறதா? பேட்டரி உப்புகிறது. அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூடச் சார்ஜ் போடக் கூடாது.

இதெல்லாம் பழுதுபார்ப்பா என்று கேட்கலாம். எந்தத் தொழிலிலும் வேலையின் பாதி, என்ன கெட்டது என்று கண்டுபிடிப்பதுதான். அந்தப் பாதியை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகிறவரிடம் கடைக்காரர் பேசும் தொனியே வேறு. 'போன் ஓடல' என்று நீட்டுகிறவருக்குச் சொல்லும் விலையும், 'மணி அடிக்குது, டிஸ்ப்ளே மட்டும் போயிருக்கு' என்கிறவருக்குச் சொல்லும் விலையும் ஒன்றாக இருந்து நான் பார்த்ததில்லை.

இனி எல்லைக்கோடு. என் கணக்கில் அது பசை தொடங்கும் இடம். பழைய பட்டன் போன், பின்மூடி கழலும் மலிவு ஆண்ட்ராய்டு, இவற்றில் பேட்டரி மாற்ற யாருடைய தயவும் வேண்டாம். திருகு மட்டும் இருந்து, அடியிலுள்ள சார்ஜிங் போர்டு தனியாகக் கழலும் மாடல் என்றால் பொறுமையும் நல்ல வெளிச்சமும் உள்ளவர் முயலலாம். பாகத்தின் விலை சில நூறு ரூபாய்தான். கழற்றிய திருகுகளைக் காகிதத்தில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டி வையுங்கள். குட்டைத் திருகின் துளையில் நெட்டைத் திருகைச் செலுத்தி மதர்போர்டைத் துளைத்தவர்கள் பலர். ஐபோனில் 2010-ஐ ஒட்டி வந்து சேர்ந்த ஐந்திதழ்த் திருகுக்கு நம் வீட்டுத் திருப்புளி சேராது. 'திறக்காதே' என்று நிறுவனம் சொல்லாமல் சொன்னது அந்தத் திருகில்தான்.

பசைக்கு அந்தப் பக்கம் சூடு வேண்டும். ஹேர் டிரையரோ ஹீட் பேடோ வைத்து இளக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் பிரிக்க வேண்டும். தகடு இரண்டு மில்லிமீட்டர் அதிகம் போனால் ரிப்பன் கேபிள் அறும். பேட்டரியை நெம்பும்போது அது வளைந்தாலோ கிழிந்தாலோ உள்ளே இருக்கும் பிரிப்பான் படலம் கிழிந்து இரு முனைகளும் தொட்டுக்கொள்ளும். அதன் பிறகு வரும் சூடு தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். தண்ணீரை ஊற்றி உடனே அடக்கும் ரகமல்ல அது. அதனால்தான் தேர்ந்தவர்கள் திறப்பதற்கு முன் சார்ஜைக் கால்பங்குக்குக் கீழே இறக்கிவிடுகிறார்கள், பக்கத்தில் மணல் வைத்துக்கொள்கிறார்கள். உப்பிய பேட்டரியை வீட்டில் தொடவே வேண்டாம் என்பது என் முடிவு. இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

டிஸ்ப்ளே விஷயம் கைத்திறனைவிடப் பாகத்தின் தரத்தைப் பொறுத்தது. தொடுதிரையும் டிஸ்ப்ளேயும் ஒட்டி ஒரே பாகமாக வருவதைத்தான் கடைகளில் காம்போ என்கிறார்கள். ஒரிஜினல், காப்பி என்று அதில் சாதிகள் உண்டு. ஓ.எல்.இ.டி. திரை இருந்த போனில் மலிவான எல்.சி.டி. காம்போவை மாட்டினால் கறுப்பு சாம்பலாகத் தெரியும், திரைக்கடியில் இருந்த கைரேகை வேலை செய்யாது, பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். விலை மட்டும் கேட்டுவிட்டு வருகிறவர்கள் இதை வீட்டுக்கு வந்துதான் கண்டுபிடிக்கிறார்கள். தானே மாட்ட நினைத்து ஆன்லைனில் காம்போ வாங்குகிறவர்கள் நிலைமை இன்னும் மோசம்: தவறான பாகம் வந்தால் யாரோடு சண்டை போடுவது?

சரியான பாகமே கிடைத்தாலும் போன் அதை ஏற்க வேண்டும். 2016-இல் உலகம் முழுக்கப் பேசப்பட்ட 'பிழை 53' இதன் முதல் பெரிய பாடம். வெளிக்கடையில் கைரேகைப் பட்டனையோ திரையையோ மாற்றிய ஐபோன்கள், மென்பொருள் புதுப்பித்ததும் செத்த கல்லாயின. ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018-இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. திறந்து பார்க்கும் உரிமையைப் பசையும் திருகும் பறித்தது போதாதென்று மென்பொருளும் சேர்ந்துகொண்ட கதை அது. 2024-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் இப்படிப் பாகங்களைப் போனோடு கட்டிப்போடுவதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது.

என் போனுக்கு வருகிறேன். கடைத்தம்பி போர்டைக் கழற்றி டி.சி. பவர் சப்ளையில் மாட்டினான். பவர் பட்டனைத் தொடாமலே மீட்டரில் முள் ஏறியது. "ஷார்ட்டு" என்றான். பிறகு அவன் செய்ததை நான் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். போர்டின் மேல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைத் தூரிகையால் பூசிவிட்டு மின்சாரம் கொடுத்தான். ஈரம் படர்ந்த பரப்பில் ஒரே ஒரு புள்ளி மட்டும் மற்ற இடங்களுக்கு முன்னால் உலர்ந்தது. கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கெப்பாசிட்டர். ஷார்ட் ஆன பாகம் சூடாகும், சூடான இடத்தில் ஆல்கஹால் முதலில் ஆவியாகும், அவ்வளவுதான் சூத்திரம். அதை ஹாட் கன் வைத்து எடுத்தான். கரித்தூள் மாதிரி படிந்திருந்ததை, அவர்கள் பாஷையில் கார்பனை, பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவினான். போன் பிழைத்தது. ஸ்பீக்கர் மட்டும் இன்றும் கரகரக்கிறது. ஐந்து வருடம் செத்த போர்டுகளைத் தோண்டிய கைக்குத்தான் இந்த வேலை வரும். வீடியோ பார்த்து வராது.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. அது போனுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. காற்றாட வைத்தாலும் அதே அளவுதான் உலரும். தூளும் தவிடும் துளைக்குள் போவதுதான் மிச்சம். 2024 தொடக்கத்தில் ஆப்பிளே தன் உதவிப் பக்கத்தில் அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது. புழுங்கலரிசி சோற்றுக்கு மட்டும் இருக்கட்டும்.

கடல் தண்ணீர் வேறு கணக்கு. முட்டம், குளச்சல், மணக்குடி என்று நம் கரை நெடுக, வலைக்கும் என்ஜினுக்கும் இடையில் போன் கிடக்கிறது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம். குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு அதிகமாக அது மின்சாரத்தைக் கடத்தும். பேட்டரி இணைந்திருக்கும் வரை போர்டின் செம்பு அந்த உப்புநீரில் கரைந்துகொண்டே இருக்கும். மழையில் விழுந்த போனுக்கு ஒருநாள் தவணை உண்டு என்றால், கடலில் விழுந்ததற்குச் சில மணி நேரம்தான். உடனே அணைத்து, அன்றைக்கே திறந்து கழுவக் கொடுக்க வேண்டும்.

மீனவருக்கு இன்னொரு செலவும் உண்டு: போன் இல்லாத நாள்கள். கேரளத்தின் வடபகுதிக் கரையில் செல்போன் வந்த பிறகு மத்தி மீன் விற்பனை எப்படி மாறியது என்று பொருளியலாளர் ராபர்ட் ஜென்சன் ஆராய்ந்து 2007-இல் எழுதினார். எந்தத் துறையில் விலை இருக்கிறது என்று படகிலிருந்தே கேட்டுக்கொண்டதால் விற்காமல் கொட்டிய மீன் நின்றது, மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவர் கொடுத்த விலையும் 4 சதவீதம் குறைந்தது. அப்படிப்பட்ட கருவியை ஒரு வாரம் திருவனந்தபுரம் சர்வீஸ் சென்டரில் வைத்துவிட்டு வர எத்தனை பேரால் முடியும்? அரை மணி நேரத்தில் முடித்துத் தரும் தெருமுனைக் கடை ஏன் வாழ்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். கம்பெனி அல்லது நானே என்று இருமுனையாகப் பேசும் வெளிநாட்டு வாதம் நம் ஊருக்குப் பொருந்தாததும் இதனால்தான். இங்கே நடுவில் ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறார். பெரும்பாலும் அவரே சரியான விடை.

ஆனால் அந்த மூன்றாம் ஆளிடம் போனைக் கொடுக்கும்போது என்ன கொடுக்கிறோம்? கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவுக் கருவி மறைத்து வைத்த லேப்டாப்களைப் பழுதுக்கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். 16-இல் 6 இடங்களில் ஊழியர்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டில் நகலும் எடுத்திருந்தார்கள். கனடாவில் நடந்தது இங்கே நடக்காது என்று நம்ப எனக்குக் காரணமில்லை. இங்கே எல்லாரும் அப்படி என்று சொல்லவும் காரணமில்லை. 'லாக்க எடுத்துக் குடுங்க' என்று கேட்டால், பழுதோடு அதற்குச் சம்பந்தம் உண்டா என்று கேளுங்கள். சார்ஜிங் போர்டு மாற்ற லாக் எதற்கு? சாம்சங், பிக்சல் போன்களில் பழுதுக்குக் கொடுக்கும்போது சொந்தத் தகவலை மூடிவைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. திரை வேலை செய்கிற போனென்றால் அதைப் போட்டுவிட்டே கொடுக்கலாம். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்தரங்கம் என்ற இந்த ஒரு காரணத்துக்காகவே தானே பழுது பார்க்க நினைக்கும் பெண்கள் பலர். அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது.

இதன் மறுபக்கம் இன்னும் கடுமையானது. இன்றைய போன்களில் படங்களும் செய்திகளும் பூட்டெழுத்தில், அதாவது என்கிரிப்ஷனில், இருக்கின்றன. சாவி அதே போர்டின் சில்லுக்குள். பழைய மெமரி கார்டு மாதிரி பிடுங்கி வேறு கருவியில் போட்டுப் படிக்க முடியாது. போர்டு செத்தால் அதே போர்டைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஆகவே நாலாயிரம் ரூபாய் பெறாத போனாக இருக்கலாம். இறந்துபோன அம்மாவின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறதென்றால் அதை நீங்களும் திறக்காதீர்கள், கைபழகாதவரிடமும் கொடுக்காதீர்கள். போனின் விலை வேறு, உள்ளே இருப்பதன் விலை வேறு. இதை மறந்து போட்ட கணக்குகளே பெரும்பாலும் அழுகையில் முடிகின்றன.

சட்டம் எங்கே நிற்கிறது? ஐரோப்பா முன்னால் போய்விட்டது. பிரான்ஸ் 2021 ஜனவரியிலேயே போனுக்குப் பழுதுநீக்க மதிப்பெண் போடச் சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டு உதிரிபாகம் தந்தாக வேண்டும். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை நிதி கரே தலைமையில் குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளம் திறந்தது. பழுதுநீக்கக் குறியீடு பற்றிப் பரத் கேரா தலைமையிலான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. தனிச் சட்டம் என்று எதுவும் இன்னும் வரவில்லை. ஆனால் இது நமக்குப் புதிய வழக்கில்லை. உதிரிபாகத்தை வெளிக்கடைகளுக்கு மறுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்து இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டிலேயே உத்தரவிட்டது. காருக்குப் பேசியதைப் போனுக்குப் பேச இத்தனை தயக்கம் ஏன் என்று தெரியவில்லை.

வாரண்டிக் காலத்தில் போனைத் திறக்காதீர்கள் என்பதில் மட்டும் எல்லாரும் ஒரே பக்கம். ஆனால் தண்ணீர்ச் சேதத்துக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது. உள்ளே ஒட்டிய வெள்ளைக் குறி சிவந்திருந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. தெருக்கடையானாலும் கூலி வாங்கிச் செய்தால் அது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் சேவைதான். நாகர்கோவிலிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. சிக்கல் பில்லில்தான். துண்டுச் சீட்டில் பெயரும் தொகையும் எழுதிக் கேட்டால்கூட முகம் சுளிக்கும் கடை உண்டு. அந்தக் கடைக்கு நான் இரண்டாம் முறை போவதில்லை.

பழுது பார்ப்பதே வீண், புதிது வாங்கலாம் என்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. செலவு, அதே போனின் பழைய விலையில் பாதியைத் தாண்டினால் நானும் யோசிப்பேன். ஆனால் போனால் ஏற்படும் கரியமிலச் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு அதைச் செய்து முடிக்கும்போதே ஏறிவிடுகிறது. அதன் ஸ்பீக்கரிலும் அதிரும் மோட்டாரிலும் நியோடைமியம் என்னும் அருமண் காந்தம் உண்டு. அருமண் என்றால் நமக்குச் சீனா ஞாபகம் வரும். ஆனால் நம் மணவாளக்குறிச்சி மணலிலேயே அருமண் தாதுவான மோனசைட்டை ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தது 1909-இல். அந்த மணலை அள்ளலாமா கூடாதா என்று நம் கடற்கரை கிராமங்கள் இன்றும் போராடிக்கொண்டிருக்கின்றன. தூக்கி எறியும் ஒவ்வொரு போனுக்கும் எங்கோ ஒரு கரை தோண்டப்படுகிறது.

நம் ஊர் என்.எஸ். கிருஷ்ணன் 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் பட்டனைத் தட்டினால் வேலை நடக்கும் காலத்தைக் கற்பனை செய்து பாடினார். அந்தக் காலம் வந்துவிட்டது. பட்டன் பழுதானால் யார் பார்ப்பது என்பதுதான் பாட்டில் இல்லை. கற்க ஆசை இருக்கிறவர் கற்கலாம். மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தில் செல்போன் பழுதுநீக்கம் 30 நாள் இலவசப் பயிற்சியாக உண்டு. கை பழகுவது அலமாரியில் கிடக்கும் செத்த போனில் இருக்கட்டும், நாளை காலை வேலைக்குக் கொண்டுபோகும் போனில் வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு இது: கண்டுபிடிப்பது உங்கள் வேலை, திருகு மட்டும் உள்ளதை வேண்டுமானால் நீங்களே கழற்றுங்கள், பசையும் ஈரமும் உப்பிய பேட்டரியும் கைபழகியவருக்கு. இதைப் படித்து முடித்ததும் இரண்டு காரியம் செய்துவிடுங்கள். *#06# அடித்தால் வரும் பதினைந்து இலக்க எண்ணைப் போனிலல்லாமல் ஒரு காகிதத்தில் எழுதி வையுங்கள். பழுதுக்குக் கொடுத்த போன்தான் திரும்பி வந்ததா என்று பார்க்கவும், தொலைந்தால் முடக்கவும் அதுதான் உதவும். பிறகு படங்களை வேறொரு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். மழை நிற்பதற்குள் செய்தால் நல்லது.